கூகைமலையில் விழுகிறவர்கள்

கூகைமலையில் வெளியூர்க்காரர்கள் மட்டும்தான் விழுவார்கள். உள்ளூர் ஆட்கள் குதித்தால் காற்றிலேயே நிற்பார்கள். நின்று, சலித்து, திரும்பி நடந்து வந்துவிடுவார்கள்.

ரெண்டு வருஷமாக வெளியூர்க் கூட்டம் தாங்கவில்லை. பல் டாக்டர், நகைக்கடை முதலாளி, கல்யாணத்துக்கு முன்னால் போட்டோ எடுக்க வந்த ஜோடி என்று எல்லோரும் காலில் ரப்பர் கயிற்றைக் கட்டிக்கொண்டு பாறை விளிம்பிலிருந்து குதித்தார்கள். அலறிக்கொண்டே போய், அலறிக்கொண்டே மேலே வந்தார்கள். வந்ததும் "செத்துப் பிழைச்சேன்" என்று அழுதார்கள். அதற்கு ஒரு கைதட்டல், கழுத்தில் ஒரு பதக்கம்.

தவமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், அந்த ஆட்களுக்கு பெல்ட் மாட்டிவிடும் வேலையில் இருந்தாள். அவளும் எத்தனையோ தடவை குதித்துப் பார்த்தாள். பஸ் ஸ்டாப்பில் நிற்கிற மாதிரிதான் நின்றாள். பக்கத்திலேயே உள்ளூர்க்காரி செல்லாயி விறகுக்கட்டைத் தலையில் வைத்து எதிர்மலைக்குக் காற்றில் நடந்து போனாள். அவளுக்கு யாராவது கை தட்டினார்களா? "கொஞ்சம் தள்ளிப் போம்மா, வீடியோவ மறைக்கிற" என்றார் ஒருத்தர்.

"நாம மட்டும் ஏன் சித்தப்பா விழ மாட்டேங்குறோம்?" என்று கயிறு விடும் மாயாண்டியிடம் கேட்டாள்.

"மலைக்கு நம்மளத் தெரியும்த்தா. தெரிஞ்ச பிள்ளையக் கீழ போடுமா?"

"அவங்கள மட்டும் போடுது?"

"அவங்க யாரோ எவரோ."

பிறந்ததிலிருந்து இந்த மலையிலேயே கிடக்கிறவளுக்கு இதிலிருந்து விழ உரிமை இல்லை, போன மாசம் கார் வாங்கியவனுக்கு இருக்கிறது. இது என்ன நியாயம்? சரி, வெளியூர்க்காரியாக ஆகிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தாள்.

திண்டுக்கல்லில் ஒரு நூல் மில்லில் சேர்ந்தாள். மலை இருக்கும் திசைக்கு முதுகைக் காட்டியே படுத்தாள். மழைக்காலம் முழுக்க வீட்டுக்கு ஒரு போன் இல்லை. தை பிறந்ததும் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு சுற்றுலா வேனில் ஏறினாள். ஏறி இறங்கிப் பழகிய பாதைதான். ஆனாலும் ஒவ்வொரு வளைவிலும் வாந்தி வந்தது. நல்ல சகுனம் என்று வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்கிருந்து வர்றீங்க?" என்றார் மாயாண்டி.

சித்தப்பா தன் வேஷத்துக்கு ஒத்து ஊதுகிறார் என்று நினைத்தாள். "திண்டுக்கல். இது சேஃப்தானே?" என்று கேட்டாள். அதைக் கேட்காத வெளியூர்க்காரர் கிடையாது.

குதித்தாள். விழுந்தாள். வயிறு மேலேயே நின்றுவிட்டது, அவள் மட்டும் கீழே போனாள். பாறை, மூங்கில், ஓடைத் தண்ணீர் எல்லாம் மூஞ்சிக்கு நேராக ஏறி வந்தன. "இதையாடா இத்தன நாளா எனக்குத் தராம வச்சிருந்தீங்க" என்று அவள் கத்தியது மேலே வெறும் அலறலாகத்தான் கேட்டது.

இழுத்து மேலே சேர்த்ததும் மாயாண்டி பதக்கத்தை மாட்டிவிட்டார். "நல்லா இருந்துச்சுங்களா மேடம்? தங்கணும்னா கீழத்தெருவுல ராசாத்தின்னு ஒரு அம்மா இடம் குடுப்பாங்க."

ராசாத்தி தவமணியின் அம்மா.

கீழத்தெருவுக்குப் போனாள். அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

"வாங்கம்மா. ஒத்தை ஆளா? சாப்பாடு தனி. பாத்ரூம் கொல்லையில இருக்கு."

"தெரியும்" என்றாள் தவமணி வெடுக்கென்று.

அம்மா அதைக் கண்டுகொள்ளாமல் உள்ளே கூட்டிப்போய் ஜன்னலோரக் கட்டிலைத் தட்டிவிட்டாள். "எம் மக கட்டிலு. மில்லுக்குப் போயிருக்கா. எப்ப வேணாலும் வந்துருவா. கோவக்காரி, வேற ஆளு படுத்திருந்தா சண்டைக்கு நிப்பா."

தவமணி செருப்பைக் கழற்றி ஓரமாகப் போட்டாள்.

"வந்தா எழுப்புங்க, எந்திரிச்சுக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.