காய்ச்சலே வராத மனுஷன்

கார்குழலிக்கு நோய் வராதவர்களின் ரத்தம் வேண்டியிருந்தது. கோரிமேட்டில் ஓர் ஆய்வகத்தில் அவள் வைரஸ் விஞ்ஞானி. சிக்குன்குனியா சிலரை ஒரு வாரத்தில் விட்டுவிடுகிறது. சிலருக்கு மட்டும் மூட்டுவலியாக வருஷக்கணக்கில் தங்கிவிடுகிறது. அது ஏன் என்பதுதான் அவள் கேள்வி. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்தக் கேள்வியோடுதான் அவள் குடித்தனம் என்று கணவன் மதிவாணன் கேலி செய்வான்.

வலியோடு வருகிறவர்களின் ரத்தம் நிறையச் சேர்ந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, அந்தக் காய்ச்சலே வராத ஆட்கள் வேண்டும். கொசு கடிக்காத ஆளைப் புதுச்சேரியில் எங்கே தேடுவது?

"உங்களுக்கு வந்ததில்லையே?" என்று மதிவாணனைக் கேட்டாள்.

"எனக்கா? சளிகூடப் புடிக்காது," என்றான் அவன்.

கருவடிக்குப்பத்தில் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருப்பவன். கையிலிருந்த கிரீஸைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனான்.

அந்த வைரஸ் எப்போதாவது உடம்புக்குள் வந்துபோயிருந்தால், அதை எதிர்த்து உருவான ஆன்டிபாடி வருஷங்கள் கழிந்தும் ரத்தத்தில் இருக்கும். இருந்தால் சோதனைத் தட்டின் சின்னக் குழியில் திரவம் மஞ்சளாகும். மதிவாணனின் குழி பளிச்சென்று மஞ்சளானது. கை தவறியிருக்கும் என்று மறுநாள் திரும்பச் செய்தாள். அப்போதும் மஞ்சள்தான்.

அன்று சாயங்காலம் கேட்டாள்: "உண்மையச் சொல்லுங்க. சிக்குன்குனியா எப்ப வந்துது?"

மதிவாணன் திருதிருவென்று விழித்தான். "அது இன்னுமா உள்ள இருக்குது?"

"எப்ப வந்துதுன்னு கேட்டேன்."

"நீ பிரான்ஸ்ல படிச்சப்ப. ரெண்டு நாள் சுரம். அதப் போயி பெருசா பேசிக்கினு."

ரெண்டே நாளில் விட்டுப்போகிற நோயா அது, அவளுக்குத் தெரியாதா? ஞாயிற்றுக்கிழமை அவனைப் பின்னால் உட்காரவைத்து ஸ்கூட்டரைத் தவளக்குப்பத்துக்கு விட்டாள். அங்கேதான் அவன் அக்கா அஞ்சலாட்சி இருக்கிறாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் தம்பியை ஒரு பார்வை பார்த்தாள்.

"ரெண்டு நாளா? ரெண்டு மாசம்மா! இங்கதான் கெடந்தான். செவுத்தப் புடிச்சிக்கினு நடந்தான். கை மடங்காது, நாந்தான் சோறு ஊட்டுவேன். நீ கூப்புடுற நேரத்துக்கு நான் போனப் புடிச்சிக்குவேன், இவன் சிரிச்சிச் சிரிச்சிப் பேசுவான். வெச்சதும் வலியில மொனகுவான். சொன்னா நீ படிப்ப உட்டுட்டு வந்துடுவியாம். சத்தியம் வாங்கிட்டான்."

எந்நேரமும் படுத்துக்கொண்டே பேசுகிறான் என்று அந்த நாட்களில் அவனைச் சோம்பேறி என்று திட்டியது கார்குழலிக்கு நினைவு வந்தது. குளிரையும் வாயில் வைக்க முடியாத சாப்பாட்டையும் பற்றி அவள்தான் புலம்பித் தள்ளியிருக்கிறாள்.

"வந்திருப்பேன்தான்," என்றாள்.

"அதான் சொல்லல."

அவன் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். விரல் மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்தினாள். "இங்க வலிக்குதா?"

"காலையில கொஞ்சம்."

"எவ்ளோ நேரம்?"

"பல்லு வெளக்கி முடிக்கிற வரைக்கும்."

"ஊரு வலியெல்லாம் கேக்குறேன். ஒரே வீட்ல இருந்துக்கிட்டு இதக் கேக்காம உட்டுட்டேனே," என்றவள் அந்தக் கையை விடவே இல்லை. மதிவாணன் கூச்சத்தோடு அக்காவைப் பார்த்தான்.

அஞ்சலாட்சி தன் கையையும் நீட்டினாள். "எனக்கும் ரத்தம் எடுத்துப் பாரேன். இவனுக்குச் சுரம் எறங்குனதும் எனக்கு வந்துது. சோறு யாரு ஆக்குறது? வாயத் தொறக்கல. ஒரு வாரத்துல போயிடுச்சி."

"மூட்டு வலி?"

"ஒண்ணும் இல்ல."

கார்குழலி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே வீடு, ஒரே பருவத்துக் காய்ச்சல். தம்பியிடம் தங்கிய வலி அக்காவிடம் தங்கவில்லை. இப்படிக் கூடப்பிறந்த ஜோடிகளை இதுவரை தேடாமல் போனோமே என்று வாய்விட்டே சொன்னாள்.

"அண்ணி, நாளைக்குக் கோரிமேட்டுக்கு வர்றீங்களா?"

"வர்றேன். மொதல்ல சாப்புடு, மீன் கொழம்பு ஆறுது."

சொன்னபடியே திங்கட்கிழமை காலை அஞ்சலாட்சி ஆய்வக வாசலில் வந்து நின்றாள். அதே காய்ச்சலில் ஒருத்திக்கு மட்டும் வலி தங்கிவிட்ட பக்கத்து வீட்டு அக்கா தங்கை இரண்டு பேரையும் கையோடு கூட்டி வந்திருந்தாள்.