நாற்பதில் நின்ற வண்டி

செஞ்சியில் வேர்க்கடலை மண்டி வைத்திருக்கும் ரத்னம் நைனாருக்கு வியாபாரத்தில் தெரியாத ஒன்று உண்டென்றால், அது ஒரு பொருளை விற்காமல் இருப்பது எப்படி என்பதுதான். சொத்தைக் கடலையைக்கூடப் பாட்டுப் பாடி அனுப்பிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதர் அன்று மத்தியானம் தன் வெள்ளை எஸ்யூவியின் சாவியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, வருகிறவர் இதை வாங்கிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு நின்றார்.

விற்கச் சொன்னது மனைவி அனந்தி. போன மாதம் மேல்சித்தாமூர்க் கல்யாணத்துக்குப் போகும் வழியில் வண்டியின் டிரைவ் ஷாஃப்ட் உடைந்தது. இன்ஜின் சுற்றுவதை முன்சக்கரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற தண்டு அது. அது உடைவது இரண்டாவது தடவை. மெக்கானிக் வந்து, மாற்றி, பந்திக்குப் போய்ச் சேர்வதற்குள் பொழுது இறங்கிவிட்டது. ஜைனர்கள் இருட்டிய பிறகு சாப்பிட மாட்டார்கள். லட்டு வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டு வெறும் வயிற்றோடு படுத்த அனந்தி, "அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும். ஆனா பொய் சொல்லி விக்காதீங்க, வண்டியோட குறையச் சொல்லியே வித்துடுங்க" என்று சொல்லிவிட்டாள்.

ரத்னத்துக்கு அந்த வண்டி போக்குவரத்துச் சாமான் அல்ல. மண்டியில் நாளெல்லாம் ஏலக் கூச்சல். வண்டிக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றினால் உலகம் வாயை மட்டும் அசைக்கும். அந்த அமைதியில் மலைகளுக்கு நடுவே போய்வருவதுதான் அவருடைய ஒரே ஊதாரித்தனம்.

வாங்க வந்தவள் வல்லத்தில் விதைக்கடை வைத்திருக்கும் அம்மாக்கண்ணு. வண்டியைச் சுற்றி வந்து, டயரை ஒரு உதை உதைத்தாள்.

"நைனாரே, வண்டி இன்னா சொல்லுது?"

"ஷாஃப்ட் போவப்போவுதுன்னு சொல்லுதும்மா."

அம்மாக்கண்ணு சிரித்தாள். "விக்கிறவனே குறை சொன்னா, சரக்க விட மனசில்லன்னு அர்த்தம். என்கிட்டயேவா?"

"சத்தியமா. ஸ்டீரிங்க வளைச்சா டிக்கு டிக்குங்குது."

"கொலுசு மாதிரி இருக்கும், கேக்கலாம்."

"ரப்பர் கிழிஞ்சு கிரீஸெல்லாம் கொட்டிப்போச்சு."

"கிரீஸ் இன்னா, தங்கமா?"

"ஏற்கெனவே ரெண்டு வாட்டி உடைஞ்சிருக்குது."

"அப்ப புதுசா மாத்தியிருக்கீங்கன்னு சொல்லுங்க! ஏறுங்க, ஓட்டிப் பாப்போம்."

உண்மை இவ்வளவு விலைபோகும் என்று தெரிந்திருந்தால் ரத்னம் முப்பது வருடம் முன்பே அதை வியாபாரத்துக்கு எடுத்திருப்பார்.

ரத்னம் ஓட்ட, அம்மாக்கண்ணு பக்கத்தில் இருக்க, திருவண்ணாமலை ரோட்டில் வண்டி போனது. இடப்பக்கம் ராஜகிரிக் கோட்டை மலை, வலப்பக்கம் கிருஷ்ணகிரி மலை. வளைவில் டிக் டிக் கேட்டது. அடுத்த வளைவில் அடியில் 'டக்' என்று ஒன்று விழுந்த மாதிரி இருந்தது. பிறகு சத்தமே இல்லை. இறக்கத்தில் வண்டி தண்ணீரில் விட்ட இலைபோலப் போய், ஒரு வேப்பமரத்தடியில் ஓசையில்லாமல் நின்றது.

ஷாஃப்ட் போயே போய்விட்டது! இனி யார் வாங்குவார்கள்? ரத்னத்தின் மனசு குதித்தது. ஆக்சிலரேட்டரை மெல்ல மிதித்தார். இன்ஜின் முனகியது, வேகம் காட்டும் ஊசி ஏறி நாற்பதில் நின்றது, வண்டி மட்டும் அசையவில்லை. ஆனால் ஐப்பசி மேகங்கள் கோட்டையின் தலைக்கு மேல் கூட்டங்கூட்டமாகப் பாய்ந்துகொண்டிருந்தன. பார்க்கப் பார்க்க மேகம் நின்றுவிட, மலை நகர ஆரம்பித்தது. பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தபடி மிதந்தன. மதில், சுனை, நெல்லுக் களஞ்சியம் எல்லாம் ஏதோ ஊருக்குப் புறப்பட்டுப் போயின. மலையோடு அவரும் போனார்.

"இன்னா நைனாரே," அரைக்கண்ணில் சாய்ந்திருந்த அம்மாக்கண்ணு முணுமுணுத்தாள், "வெண்ணெயாட்டம் போவுது."

பேசாமல் இருந்தால் அது பொய்யில் சேருமா என்று ரத்னம் யோசித்தார். அனந்தியின் அகராதியில் சேரும்.

"அம்மா, வண்டி நின்னு ரொம்ப நேரமாவுது."

"ஊசி நாப்பதுல இருக்குதே?"

"ஊசி கியர்பாக்ஸத்தான் பாக்குது. ரோட்டப் பாக்கல."

அவள் நம்பவில்லை. அப்போது மேய வந்த வெள்ளாடு ஒன்று பானெட்டின் மேல் முன்னங்கால் இரண்டையும் ஊன்றி, நிதானமாக வேப்பிலையைக் கடித்தது. அம்மாக்கண்ணு ஆட்டைப் பார்த்தாள், ஊசியைப் பார்த்தாள், கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கதவைத் திறந்தவள், வெளியே லாரி ஹாரன் அலறியதும், மறுபடி மூடிக்கொண்டாள்.

"எடுத்துக்கிறேன்."

"ஓடாத வண்டிய வச்சிக்கினு இன்னாம்மா பண்ணுவீங்க?"

"என் வீட்ல மூணு மருமக, ரெண்டு டிவி. ஓடறதுக்கு ஆளிருக்குது, உக்காரத்தான் எடமில்ல. புளியமரத்தடில நிறுத்திட்டு, கண்ணாடிய ஏத்திட்டு உக்காருவேன்."

தன் ரகசியத்தை ரத்னம் இன்னொருத்தி வாயால் கேட்டார். குறையைச் சொல்லியாயிற்று, காட்டியும் ஆயிற்று. அதற்குப் பிறகும் வேண்டும் என்பவரிடம் இல்லையென்று சொல்ல அவர் வளர்ந்த கடைத்தெருவில் வழியில்லை. வண்டி போனது போனதுதான். ஆனால் பேரம் இன்னும் மிச்சமிருந்தது.

"ஒரு கண்டிஷன். ஞாயித்துக்கெழமையானா இந்த சீட்டு என்னுது."

"டீசலு?"

"உங்க வண்டி, உங்க டீசலு."

"ஏசியப் போட்டுக் குளுகுளுன்னு உக்காரப்போறது யாரு? பாதி குடுங்க."

"சரி, பாதி. உள்ள பேசக் கூடாது."

"எனக்கு மட்டும் பேசணும்னு வேண்டுதலா? பொழுது சாயறதுக்குள்ள கெளம்பிடணும். உங்களப் பட்டினி போட்டேன்னு அனந்தி என்னத் திட்டும்."

வண்டியின் விலைக்குக்கூட இருவரும் இவ்வளவு நேரம் மல்லுக்கு நிற்கவில்லை.

அம்மாக்கண்ணுவின் மகன் பார்த்திபன் டிராக்டரோடு வந்து கயிறு கட்டினான். அம்மா இறங்குவாள் என்று காத்துப் பார்த்தான். அவள் கண்ணாடிக்கு உள்ளிருந்தே கையசைத்தாள், போ என்று. வண்டி வல்லத்துப் பக்கம் கிளம்பியது. கியரை விடுவித்துவிட்டு ரத்னம் ஸ்டீயரிங்கைச் சும்மா பிடித்திருந்தார். டிராக்டர் முன்னால் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு போனது.

அனந்தி போன் செய்தாள். "வித்தாச்சா?"

"வித்தாச்சு."

"குறையச் சொன்னீங்களா?"

"அதச் சொல்லித்தான் வித்தேன்."

"எங்க இருக்கீங்க இப்ப?"

ஊசி பூஜ்யத்தில் இருந்தது. கோட்டை மெல்லப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"இரு, கேட்டுச் சொல்றேன்" என்றவர், பக்கத்தில் திரும்பினார். "அம்மா, இப்ப நாம போறோமா, நிக்கிறோமா?"

"பேசக் கூடாதுன்னு சொன்னது யாரு?" என்றாள் அம்மாக்கண்ணு, கண்ணைத் திறக்காமல்.