களை முளைக்காத வயல்

விடிவதற்குள் பெண்கள் சோளத்துக்குள் குனிந்துவிட்டார்கள். மணலி ஆலைகளின் பக்கமிருந்து வந்த நெடி தொண்டையை அறுத்தது. மாத்தூரை ஒட்டிய ஆய்வு வயலின் வேலிக்குள் வளர்ந்தது மரபணு மாற்றிய மக்காச்சோளம். களைக்கொல்லி தெளித்தால் மற்றதெல்லாம் கருகும். சோளம் மட்டும் நிமிர்ந்து நிற்கும். எந்தக் களை பிழைத்தது, விதை உதிர்ந்ததா, எந்தப் பறவை வந்து தின்றது என்று பார்த்துச் சொல்வது பூவம்மா கூட்டத்தின் தினக்கூலி வேலை. இலை விளிம்பு முழங்கையைக் கீறும். கீறலில் வியர்வை இறங்கி எரியும்.

அவர்கள் சொல்வதைக் கணினியில் ஏற்றுபவள் எழில்மொழி. வியாசர்பாடிப் பெண், ஒப்பந்த வேலை. இந்தப் பயிர் ஊரெங்கும் பரவினால் காட்டுயிர்களுக்கு என்னாகும் என்று முன்கூட்டியே ஓட்டிப் பார்க்கும் மாதிரிக் கணக்கு அவளுடையது. அன்று ஓட்டியபோது தினைக்குருவிகளின் எண்ணிக்கைக் கோடு சரிந்துகொண்டே போய்த் திரையின் அடியைத் தொட்டது. களை இல்லை, விதை இல்லை, குருவிக்கு இரை இல்லை. மறுபடி ஓட்டினாள். மறுபடியும் சரிந்தது.

ஆய்வு நிலையத்தின் முதலாளி ஞானதுரை குனிந்து திரையைப் பார்த்தார். தூத்துக்குடியிலிருந்து வந்து தானிய மொத்த வியாபாரத்தில் எழுந்தவர்.

“எம்மா, விதைக் கம்பெனிக்காரன் இதப் பார்த்தா அடுத்த வேலை தருவானா? தெளிச்ச பொறவும் பாதிக் களை முளைக்கும்னு வச்சு ஓட்டு.”

“முளைக்கலையே சார்.”

“முளைச்சதா வச்சுக்கோ. கணக்குதான? நெசக் குருவியா சாவுது?”

“இந்தக் கணக்கக் காட்டித்தான சார் விதைக்க அனுமதி கேப்பாங்க? அப்புறம் நெசக் குருவிதான் சாவும்.”

அவர் முகம் இறுகியது. வெளியே வந்து பெண்களைக் கூப்பிட்டார். “இந்தப் பிள்ள பிடிவாதம் பிடிக்கா. நாளைலேருந்து வயலப் பூட்டுதேன். சோத்துக்கு அவகிட்டயே கேளுங்க.”

பெண்கள் எழில்மொழியைச் சூழ்ந்துகொண்டார்கள். பூவம்மாவின் கணவன் துறைமுகத்தில் மூட்டை சரிந்து இடுப்பொடிந்து கிடப்பவன். அவள் குரல் கிழிந்தது.

“இன்னா பாப்பா, ஒரு குருவிக்காவ எங்க வயித்துல அடிக்கிறியா? என் வூட்ல அடுப்பு எரியறதே இந்தக் கூலிலதான்.”

எழில்மொழியின் சம்பளத்தை நம்பியும் ஒரு குடும்பம் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“களையே முளைக்காத வயல்ல குருவிக்கும் தீனி இல்லக்கா, களை எடுக்கறவங்களுக்கும் கூலி இல்ல. அத்த மறைக்கச் சொல்றாரு.”

பூவம்மாவுக்குத் தங்கையின் நினைப்பு வந்தது. பொன்னேரியில் அவள் தங்கை களையெடுத்தே பிள்ளைகளை வளர்க்கிறாள்.

“அப்ப நம்ம கையாலயே என் தங்கச்சி சோத்துல மண்ணப் போடணுமா?” என்று கேட்டாள். மருந்து தெளிக்கும் ரஷீது முதுகிலிருந்த டேங்கை இறக்கி வைத்தான்.

“நாளைக்கு கேட்டாண்ட குந்துவோம். பார்த்துக்கலாம்.”

மறுநாள் கேட்டில் பூட்டு தொங்கியது. எல்லோரும் மண்ணில் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறியது. போய்விடலாமா என்று ஒருத்தி முனகினாள். அதற்குள் டோல்கேட் பகுதியிலிருந்து புது ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு வேன் வந்து நின்றது. ஞானதுரை பூட்டைத் திறந்தார்.

“உள்ள வாங்கம்மா. இதுக கிடக்கட்டும்.”

பூவம்மா எழுந்து வண்டியின் முன்னால் நின்றாள். “உள்ள போனா, இல்லாத களைய கீதுன்னு சொல்லச் சொல்லுவாரு. அதுக்குத்தான் உங்கள இட்டாந்துகீறாரு.”

காசிமேட்டு அடைக்கலமேரி கைக்குழந்தையோடு முதலில் இறங்கினாள். “இன்னிக்கு வேலை இல்லன்னா என் வூட்ல கஞ்சி இல்ல” என்றாள்.

“என் வூட்லயும் இல்ல” என்றாள் பூவம்மா.

அடைக்கலமேரி அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு வண்டிப் பக்கம் திரும்பினாள்.

“எறங்குங்கடி.”

எழில்மொழி நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டாள்.