புஷ் தேய்ந்த ஜீப்பும் மூத்தவனின் விலா எலும்புகளும்

ஜீப்பின் ஸ்பிரிங்கில் அடி வாங்கும் ரப்பர் புஷ்கள் தேய்ந்த வருடத்தில், அது பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அடி வண்டிக்குப் படாமல் ஜீப் இருந்த வீட்டின் மூத்தவனுக்குப் பட்டது. முதல் அடி விழுந்தபோது அவன் எடைமேடை அலுவலகத்தில் ஒரு லாரியின் எடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாற்காலியோடு போய்ச் சுவரில் மோதினான். மேலுதடு கிழிந்து, மேசைமேல் ஒரு பல்லைத் துப்பினான். லாரி டிரைவர் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டி, நான் தொடவே இல்லை என்று அங்கிருந்த எல்லோரிடமும் சத்தியம் செய்தார். அதே நேரத்தில், மலைமேல் இருந்த கல்குவாரிக்கு இளையவன் ஓட்டிப்போன ஜீப் ஓடைக் குழி ஒன்றில் முன்சக்கரம் இறங்கி எழுந்தது. பின்னால் இருந்த குவாரி ஆட்கள், மெத்தையில் விழுந்த மாதிரி இருந்தது என்று பிற்பாடு சொன்னார்கள்.

தெரு இதை ஒரு மாதத்துக்குள் பழகிக்கொண்டது. காலையில் ஜீப் மலையேறும் நேரத்தில் மூத்தவனுக்குப் பக்கத்தில் யாரும் நிற்பதில்லை. கண்ணாடிச் சாமான் விற்கிறவர் அவனைக் கடைக்குள் விடவில்லை. முடிவெட்டுகிறவர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, "வண்டி நிக்குதான்னு பாத்துட்டு வாங்க, அப்புறம் தாடைய காட்டுங்க" என்றார். அடி இடது சக்கரத்தில் விழுந்தால் இடது விலாவிலும், வலதில் விழுந்தால் வலதிலும் கன்றியது. பாறைமேல் வண்டி தாவிய நாட்களில் அவன் மூக்கிலிருந்தும் காதிலிருந்தும் இரத்தம் வந்தது. எலும்பு டாக்டர் படமெடுத்துப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு உடம்பை லாரியில் அடிபட்டவர்களிடம்தான் பார்த்திருப்பதாகச் சொன்னார். இடது பக்கம் இன்னும் ஒரு பலமான அடி விழுந்தால் எலும்பு நுரையீரலைக் குத்திவிடும் என்றார். காரணம் கேட்டார். ஜீப் என்றார்கள். தலையை ஆட்டிக்கொண்டு மருந்து எழுதினார்.

அண்ணன் தம்பிக்குள் இருந்த கணக்கு பழையது. அப்பா செத்தபின் தம்பியை வளர்த்தவன் மூத்தவன்தான், அடித்து வளர்த்தான். பெல்ட்டால் அடித்தான், விறகால் அடித்தான், பால் பாத்திரத்தைக் கவிழ்த்ததற்காக ஒருமுறை கன்னத்தில் விட்ட அறையில் இளையவனின் வலது காது செத்துப்போனது. இளையவன் வளர்ந்து தோள் அகன்றதும் மூத்தவன் நிறுத்திக்கொண்டான். பேச்சும் நின்றது. ஒரே வீட்டில், ஒரே சோற்றுப் பானையில் சாப்பிட்டு, ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் மூத்தவனின் மனைவி வழியாகவே சொல்லிக்கொண்டார்கள்.

அவள் பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்தாள். ஒரு விடுமுறை நாளில் மாடியில் துணி உலர்த்தும்போது மலைப்பாதை தெரிந்தது. ஜீப் நல்ல மண்சாலையில் மெதுவாக, பூப்போலப் போனது. கற்கள் குவிந்த ஓடை வந்ததும் சீறிப் பாய்ந்தது. கீழே அறையில் கணவன் கத்தினான். ஜீப் திரும்பி வந்து அதே ஓடையில் மறுபடி பாய்ந்தது. கணவன் மறுபடி கத்தினான். மாலையில் அவள் வாசலிலேயே இளையவனை நிறுத்தினாள்.

"தம்பி, தெரிஞ்சேதான் ஓட்டறீங்களா?"

அவன் கேட்கும் காதை அவள் பக்கம் திருப்பினான். "ரோடு அப்படி, அண்ணி."

"ஓடையில ரெண்டாவது வாட்டி எதுக்குப் போனீங்க?"

அவன் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனான். மறுநாள் அவள் சாவியை ஒளித்து வைத்தாள். அவன் தேடிப் பார்த்துவிட்டு, நின்ற வண்டியின் பம்பரை பூட்ஸ் காலால் உதைத்தான். மூத்தவன் குளியலறையில் தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். அவள் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஆனால் அன்று இரவுச் சாப்பாட்டைப் பரிமாறும்போது டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். இளையவன் தட்டைப் பார்த்தபடி, "புஷ் மாத்தணும்னா மாத்திக்குங்க. வண்டிய ஒரு நாள் வீட்ல விடறேன்" என்றான்.

மெக்கானிக் புதுப் புஷ்களோடு வந்தார். ஸ்பிரிங் பட்டையின் இரு முனைகளிலும் கண்ணைப்போல வளையம் இருக்கும், அதற்குள் உட்கார்ந்திருக்கும் ரப்பர் உருளைதான் புஷ் என்று அவளுக்குக் காட்டினார். "அடிய இதுதான் வாங்கணும். இது போச்சுன்னா அடி எங்கயாவது போய்த்தானே ஆகணும்" என்றார், அதிலொன்றும் வியப்பில்லாதவர்போல. ஜாக்கி வைத்துத் தூக்கி, சட்டத்துக்கு முட்டுக் கொடுத்து, சக்கரத்தைக் கழற்றி, போல்ட்டை உருவினார். புஷ்ஷின் இரும்பு உறை துருப்பிடித்து அந்தக் கண் வளையத்தோடு ஒட்டிப்போயிருந்தது. ஒரு குழாய்த் துண்டை அதன்மேல் வைத்துச் சுத்தியலால் ஓங்கி ஓர் அடி கொடுத்தார். அறைக்குள்ளிருந்து அலறல் வந்தது. அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்.

"வண்டிய ரிப்பேர் பண்ணத்தான் கடை வெச்சிருக்கேன்மா. ஆள அடிக்கறதுக்கு இல்ல."

"வேற வழி கிடையாதா?"

"நெருப்பு வெச்சு ரப்பர எரிச்சா லேசா வந்துடும்."

"அவரையா கொளுத்தச் சொல்றீங்க?"

மெக்கானிக் போய்க் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டார். அங்கிருந்தே வழி சொல்வதாக ஒப்புக்கொண்டார். அவள் கணவனின் வாயில் மடித்த துண்டைக் கொடுத்துவிட்டு வந்து சுத்தியலை எடுத்தாள். தயங்கும் கைதான் அதிகம் வலிக்க வைக்கும் என்பது பல் பிடுங்கும் இடத்தில் அவள் தினமும் பார்ப்பது. இருந்தும் கை தயங்கியது. அடித்தாள், அடித்தாள், புஷ் ஒரு நகத்தளவுகூட நகரவில்லை. உள்ளே கட்டில் சுவரில் இடித்துக்கொண்டே இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவன் சட்டையின் இடுப்புப் பக்கம் சிவப்பாக நனைந்திருந்தது. துண்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவன் சொன்னான்: "அவனையே அடிக்கச் சொல்லு. அவன் கையில வலு இருக்கு. சீக்கிரம் முடியும்."

மதில்மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த இளையவனுக்கு அது கேட்டது. கேட்கும் காது அந்தப் பக்கம்தான் இருந்தது. அவன் இறங்கி வந்து அண்ணி கையிலிருந்து சுத்தியலை வாங்கினான். எடை போதாது என்று அதை வைத்துவிட்டு, குவாரியில் கல் உடைக்கும் சம்மட்டியை எடுத்துவந்தான்.

"எங்க படும் அண்ணி?"

"தெரியல. எங்க படணுமோ அங்க படும்."

அவன் காலை அகட்டி நின்று ஓங்கினான். முதல் அடியில் உறை விரிசல் விட்டது, உள்ளே ஏதோ முறிந்த சத்தம் கேட்டது. அடுத்த அடியில் புஷ் பிதுங்கி வெளியே விழுந்து முற்றத்தில் உருண்டது. அதில் ஈரமாக இருந்தது எண்ணெயா இரத்தமா என்று யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. அடுத்தடுத்த புஷ்களும் அப்படியே வந்தன. கட்டில் ஒவ்வொரு முறையும் தரையைவிட்டு எழும்பி விழுந்தது, ஆனால் இடது விலாவில் மட்டும் ஓர் அடியும் படவில்லை. கடைசி உருளையும் விழுந்தபின், அடிக்க ஒன்றும் இல்லாத வெறும் இரும்புக் கண்ணின்மேல், அவன் முழு பலத்தோடு இன்னும் ஓர் அடி அடித்தான். தெருக்கோடி வரைக்கும் கேட்டது. அது மூத்தவனின் தோளெலும்பை இரண்டாக்கியது. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். கேட்டுக்கு வெளியே மெக்கானிக் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு ஜன்னலிலிருந்து மூத்தவனின் குரல் வந்தது. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு தம்பியிடம் நேராகப் பேசினான்.

"போதுமா?"

இளையவன் சம்மட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான். முகமெல்லாம் துருத்தூள், அதில் வியர்வையோ என்னவோ கோடு போட்டிருந்தது.

"இன்னும் இருக்கு" என்றான். பிறகு சம்மட்டியைக் கீழே போட்டான். "ஆனா போதும்."

புதுப் புஷ்களை அவனும் அண்ணியும் சேர்ந்து போட்டார்கள். இதில் அடி தேவைப்படவில்லை. கண்ணின் உட்புறத்தை உப்புத்தாளால் தேய்த்து, ரப்பரில் சோப்புத் தண்ணீர் தடவி, நீளத் திருகுக் கம்பியை நுழைத்து நட்டை முடுக்க முடுக்க, புஷ் மெல்ல உள்ளே போய் உட்கார்ந்தது. ஒவ்வொன்று உட்காரும்போதும் உள்ளே மூத்தவன் பெருமூச்சு விட்டான். மெக்கானிக் கேட்டைத் திறந்துகொண்டு வந்து, "போல்ட்ட இப்பவே இறுக்காதீங்க. வண்டி தரையில நின்னு தன் பாரத்த தானே தாங்கட்டும், அப்புறம் இறுக்குங்க. இல்லேன்னா ரப்பர் முறுக்கிக் கிழிஞ்சுடும்" என்றார். அப்படியே செய்தார்கள். இளையவன் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனான். அண்ணி கணவனின் கட்டிலருகே உட்கார்ந்து, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜீப் கற்களில் விழுந்து எழும் சத்தம் மலையிலிருந்து வந்தது. மூத்தவன் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை. தண்ணீர் கேட்டான்.

தோள் கோணலாகத்தான் கூடியது. அண்ணனும் தம்பியும் அதற்குப் பிறகு கொஞ்சிக் குலாவினார்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சோறு போதுமா, பெட்ரோல் இருக்கா என்ற அளவுக்கு நேராகப் பேசிக்கொண்டார்கள். இளையவனுக்குக் கோபம் வரும் நாட்கள் வந்தபடியே இருந்தன. அன்றெல்லாம் ஜீப் ஓடைக்குள் சீறிப் பாயும். அடுத்த நாள் அண்ணி வண்டியைக் கழுவக் குனியும்போது, சக்கரத்துக்குப் பின்னால் கருப்பு ரப்பர் புஷ்கள் நீலமாகக் கன்றிப்போயிருக்கும். சில நாளில் அது பச்சையாகி, மஞ்சளாகி, ஆறிவிடும். ஒருமுறை வீக்கம் வடியவில்லை என்று அவள் மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். அவர் டார்ச்சோடு வண்டிக்கடியில் படுத்து, ஒவ்வொரு புஷ்ஷாக விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"பயப்பட ஒண்ணுமில்ல. மருந்து தடவறதுன்னா தடவுங்க. எண்ணெய் மருந்து மட்டும் வேண்டாம், ரப்பர் ஊதிடும்."

அதன்பின் அவள் எண்ணெய் சேராத களிம்பாகப் பார்த்து வாங்கினாள்.