நூற்றுப் பதினைந்து பவுண்டு

என் தம்பி ரொசேந்தோ குத்துச்சண்டையில் நான்கு எடைப் பிரிவுகளில் உலகச் சாம்பியன். நூற்றெட்டு பவுண்டில் தொடங்கி, நூற்றுப் பன்னிரண்டு, நூற்றுப் பதினைந்து, நூற்றுப் பதினெட்டு என்று ஏறிக்கொண்டே போனான் என்று பத்திரிகையில் எழுதினார்கள். அவன் எங்கே ஏறினான்? ஏற்றிவிட்டது நான். எங்கள் மெக்சிகோ ஊரான லோஸ் மோச்சிஸில், சர்க்கரை ஆலைக்குப் பின்தெருவில், என் அடுப்பில்தான் அந்த ஒவ்வொரு பவுண்டும் வெந்தது. அதை எழுத ஒருத்தனுக்கும் கை வரவில்லை.

வீட்டில் அவன் செந்தோ. சண்டை இல்லாத நாட்களில் செந்தோ நூற்று முப்பத்தைந்து பவுண்டு இருப்பான். பன்றிக்கறியும் பீரும்தான் வாழ்க்கை. சண்டைக்கு எட்டு வாரம் இருக்கும்போது அவனை என்னிடம் ஒப்படைத்துவிடுவார்கள். சப்பாத்திக்கள்ளி மடலைச் சுட்டுக் கொடுப்பேன், முட்டையில் வெள்ளையை மட்டும் கொடுப்பேன், மீனை வெறும் தண்ணீரில் வேகவைத்துக் கொடுப்பேன். கடைசி வாரம் உப்பு கிடையாது. கடைசி நாள் மாலையிலிருந்து தண்ணீரும் கிடையாது. புளியும் மிளகாயும் உருட்டிய மிட்டாயை வாயில் போட்டு, ஊறுகிற எச்சிலைக் காலி பாட்டிலில் துப்பிக்கொண்டே உட்கார்ந்திருப்பான். எச்சிலுக்கும் எடை உண்டல்லவா. பதினான்கு வருடம் இப்படி. ஒருமுறைகூட எடைமேடையில் அவன் ஒரு குண்டுமணி அதிகம் நின்றதில்லை.

முப்பத்து நான்கு வயதில் நூற்றுப் பதினெட்டுப் பட்டத்தை இழந்தான். எதிரே வந்தவர்கள் பெரிய உடம்புக்காரர்கள்; அவர்கள் அடி இவன் எலும்பில் போய் உட்கார்ந்தது. புத்தியுள்ளவன் அத்தோடு கையுறையைக் கழற்றியிருப்பான். ஆனால் அவனுடைய பயிற்சியாளர் தோன் அகாப்பீத்தோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என் சமையலறையில் வந்து உட்கார்ந்து, நான் மசித்து வைத்த பீன்ஸை வழித்துத் தின்றுகொண்டே புது யோசனை சொன்னார். ஏறினால்தானே பெரிய ஆட்கள்? இறங்கிவிடலாம். நூற்றுப் பதினைந்தில் ஒரு புதுச் சாம்பியன் இருக்கிறான், அவனோடு சண்டை.

"மூணே மூணு பவுண்டும்மா எர்மீலா. ஒரு கோழி எடை. அந்தக் கோழிய அவன் மேலேருந்து எறக்கிட மாட்டியா நீ?"

"அது பத்து வருஷத்துக்கு முன்னாடி எறக்குன கோழி, தோன். இப்ப இருக்கறது எலும்பு. எலும்ப எப்படிக் கரைக்கறதுன்னு நீங்களே சொல்லிட்டுப் போங்க."

செந்தோ சிரித்தான். "அக்கா, நீ சமையல மட்டும் பாரு. இதோட விட்டுடறேன். அம்மா மேல சத்தியம்."

அம்மா செத்து இருபது வருடம் ஆகிறது. அவள் மேல் சத்தியம் செய்ய யாருக்கு என்ன பயம்.

சண்டை குவாதலஹாரா நகரில். போட்டிக்கு மூன்று நாள் முன்பே ஓட்டலில் அடுப்புள்ள அறை ஒன்று எடுத்துக் கொடுத்தார்கள். வியர்வை வருவதற்காகப் பிளாஸ்டிக் உடுப்பைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் கயிறு தாண்டினான். தோல் காய்ந்தே கிடந்தது. சிறுநீர் காபி நிறத்தில் போயிற்று. ஸ்பூன் கையில் நிற்கவில்லை. தோன் அகாப்பீத்தோவிடம் ஓடினேன்.

"பட்டம்னா சும்மாவா வரும்?" என்றார். "பொம்பளைங்க பாத்தா பயமாத்தான் இருக்கும். போம்மா, போய் மீன வேகவை."

இந்தச் சண்டை வேண்டாம் என்று செந்தோவிடம் சொன்னேன். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மீனை வேகவைத்தேன். அதில் கைநிறைய உப்பை அள்ளிப் போட்டேன்.

அன்று மாலைவரை அவனுக்குக் கொஞ்சம் தண்ணீர் அனுமதி உண்டு. குடிக்கிற தண்ணீரை உப்பு வெளியே விடாது, பிடித்து வைத்துக்கொள்ளும், எடை இறங்காது. இறங்காவிட்டால் சண்டை இல்லை என்று நான் நினைத்தேன். எடை பார்க்கும் இடத்துக்கு நான் ஒருநாளும் போனவளில்லை. அந்த நேரத்தில் நான் அவன் இறங்கி வந்ததும் குடிக்க சூப் காய்ச்சிக்கொண்டிருப்பேன். அதிகமானால் என்ன செய்வார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? அவன்தான் அதிகமானதே இல்லையே. மீனை முழுக்கத் தின்றான். மிட்டாய் கடித்துக் கடித்து வாயெல்லாம் புண்; எது உப்பு, எது எரிச்சல் என்று அந்த நாக்குக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு எடைமேடை. இந்தமுறை நானும் போனேன், கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். நூற்றுப் பதினைந்தே முக்கால் என்று உரக்கப் படித்தார்கள். கூட்டம் ஊளையிட்டது. எனக்கு மட்டும் உயிர் திரும்பி வந்தது. அப்பாடா, வீட்டுக்குப் போகலாம் என்று சிலுவை போட்டுக்கொண்டேன்.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு மணி நேரம் தர்றோம். அதுக்குள்ள எறக்கிட்டு வாங்க."

அப்படியொரு விதி இருக்கிறது. சந்தையில் காய் விற்கிறவனுக்குக்கூடத் தெரிந்த விதியாம். அவனுக்குச் சோறு போட்ட எனக்குத் தெரியாது.

தோன் அகாப்பீத்தோ அவனைத் தரதரவென்று அறைக்கு இழுத்துக்கொண்டு போனார். "என்னடா பண்ணித் தொலைச்ச? என்னத்தக் குடிச்ச?"

செந்தோ தலையைத் தொங்கப் போட்டான். "காலைல பல் தேய்க்கறப்ப ரெண்டு மடக்கு முழுங்கிட்டேன், தோன். முடியல."

குளியல் தொட்டியில் கொதிக்கக் கொதிக்க வெந்நீரை நிரப்பி அவனை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். நான் கையில் துண்டோடு வெளியே நின்றேன். 'உப்புப் போட்டது நான்' என்று சொல்ல மூன்று வார்த்தை போதும். சொல்லவில்லை. அத்தனை ஆண்கள் முன்னால் சாம்பியனின் அக்காவே அவனைக் கவிழ்த்தாள் என்று எப்படிச் சொல்வது என்று வெட்கம். அதைவிட, முக்கால் பவுண்டு இறங்காது என்று நம்பினேன். வியர்க்க அந்த உடம்பில் இனி என்ன இருக்கிறது?

இருந்தது. ஒரு மணிக்கு, அம்மணமாக, முன்னால் துண்டைப் பிடித்து மறைத்து, இரண்டு பேர் கைத்தாங்கலாக மேடையில் ஏற்றினார்கள். சரியாக நூற்றுப் பதினைந்து. கூட்டம் கைதட்டியது. செந்தோ கண்ணைத் திறந்து என்னைத் தேடி, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

அன்று சூப் கொடுத்தேன், பழரசம் கொடுத்தேன், என்னென்னவோ கொடுத்தேன். ஆனால் வறண்ட மூளைக்குத் தண்ணீர் ஒரு நாளில் திரும்பாதாம். பிறகு மருத்துவர் சொன்னார். மறுநாள் சண்டையில் ஆறு சுற்றுவரை பழைய செந்தோ. பத்தாவது சுற்றில் ஒரு சாதாரண இடதுகை அடி; பழைய நாளில் சிரித்துக்கொண்டே வாங்கியிருப்பான். விழுந்தான், எழுந்தான், மூலைக்கு நடந்தான், முக்காலியில் உட்கார்ந்தான், சரிந்தான். மண்டைக்குள் இரத்தம் கட்டியிருந்தது. பத்தொன்பது நாள் கண் திறக்கவில்லை.

ஐந்து வருடம் ஆயிற்று. நடக்கிறான், சாப்பிடுகிறான். நான்கு பட்டங்களையும் எந்த ஊரில், எந்தச் சுற்றில், எந்தக் கையால் வாங்கினான் என்று மளமளவென்று சொல்வான். இன்று நடப்பது மட்டும் தங்குவதில்லை. தூங்கி எழுந்தால் துடைத்ததுபோல் போய்விடும். ஆனால் அந்த இரண்டு மடக்குத் தண்ணீர் போகவில்லை. தினமும் காலையில் தட்டு முன்னால் உட்கார்ந்ததும் அதுதான் வரும்.

"அக்கா, கோவப்படாத. ஒண்ணு சொல்லணும். எடை போட்ட அன்னிக்கி நான் தண்ணி முழுங்கிட்டேன். உன் பேரையும் கெடுத்துட்டேன். மன்னிச்சுடு."

ஒரு வருடம் தாங்கினேன். பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தட்டைச் சுவரில் விட்டெறிந்தான். "நீயாக்கா? நீயா?" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். நான் அவன் கைகளைப் பிடித்துக்கொண்டேன். சரி, இனி என்னை வெறுக்கட்டும், தன்னை விட்டுவிடட்டும் என்று நிம்மதியாகக்கூட இருந்தது. மறுநாள் காலை வந்து உட்கார்ந்தான். "அக்கா, கோவப்படாத. ஒண்ணு சொல்லணும்."

ஐந்துமுறை சொல்லியிருக்கிறேன். எனக்கு அது பழைய கதை. அவனுக்கு ஐந்துமுறையும் புதுக்காயம். ஒருமுறை வீட்டைவிட்டு ஓடினான். ஒருமுறை பேசாமல் சாப்பிட்டு முடித்தான். ஐந்தாம்முறை அவன் கத்தவில்லை. மெதுவாகக் கேட்டான்:

"ஏன்க்கா, நான் ஜெயிப்பேன்னு நீ நம்பலயா?"

அதற்குப் பிறகு நான் சொல்வதில்லை.

இன்று காலையும் வந்தான். முட்டையைத் தொடாமல் என் முகத்தையே பார்த்தான்.

"ரெண்டே மடக்குதான்க்கா."

"தெரியும்டா. மன்னிச்சுட்டேன். ஆறுது பாரு, சாப்பிடு."

அவன் முகம் அப்படியே மலர்ந்தது. என் கையைப் பிடித்துப் புறங்கையில் முத்தம் கொடுத்தான். நான் அதை வாங்கிக்கொண்டேன்.