அன்னத்தாயின் நீலப் புட்டி

தேனியில் கண்ணாடி ஓவியம் செய்யும் உமாதேவியிடம், ராயப்பன்பட்டித் திராட்சை விவசாயி ஜேசுராஜ் துண்டில் சுற்றிய நீலப் புட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். போன வருடம் இறந்துபோன அவர் மனைவி அன்னத்தாய் அதில்தான் பூ வைப்பாளாம். தன் புது வீட்டு ஜன்னலுக்கு உமாதேவி செய்யும் கண்ணாடித் திராட்சைக் கொத்தில் இந்த நீலம்தான் இருக்க வேண்டும் என்றார்.

"இதே நீலம் கடையில கிடைக்கும்ணே."

"கிடைக்கும் தாயி. அது அவ புட்டி ஆகுமா?"

உமாதேவி புட்டியை வாங்கி வைத்துக்கொண்டாள். புட்டிக் கண்ணாடியும் ஓவியக் கண்ணாடியும் சூட்டில் ஒரே அளவாக விரியாது. சேர்த்து உருக்கினால், ஆறும்போது ஒன்றையொன்று இழுத்து விரிசல் விட்டுவிடும். அதனால் புட்டியை மட்டும் சூளையில் தட்டையாக்கி, மணிமணியாக வெட்டி, ஈயப்பட்டியால் மற்றத் துண்டுகளோடு கோத்துவிட முடிவு செய்தாள்.

மின்சூளையில் புட்டி இளகிப் படிந்தது. இனி அது மெல்ல மெல்ல ஆற வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. சூடு சட்டென்று இறங்கினால் கண்ணாடி வெடித்துவிடும். வெப்பம் தாங்கும் போர்வைகளை எல்லாம் எடுத்துச் சூளையை மூடினாள். வேறு புட்டிக்கு எங்கே போவது?

விஷயம் தெரிந்து ஜேசுராஜ் பஸ் ஏறி வந்துவிட்டார்.

"லேசாத் தெறந்து பாத்தா என்ன?"

"காத்துப் பட்டா போச்சுண்ணே. தானா ஆறட்டும்."

"அவளும் இப்பிடித்தான். சோறு வடிக்கிறவரைக்கும் பானையத் தொட விடமாட்டா," என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

மறுநாள் சூளை கைக்குக் குளிர்ந்த பிறகுதான், ஜேசுராஜ் பக்கத்தில் நின்று பார்க்க, உமாதேவி மூடியைத் தூக்கினாள். நீலக் கண்ணாடி சப்பையாகப் படுத்துக் கிடந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உள்ளே பொடிப்பொடியாகச் சில குமிழிகள் தெரிந்தன. விரிசல் ஒன்றுகூட இல்லை. நகத்தால் தட்டினாள். கணீரென்றது.

"நல்லா இருக்குண்ணே!"

ஜேசுராஜ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "மாதாவே! மக கயலுக்குத் தெரியாம எடுத்துட்டு வந்தேன் தாயி. ஒடஞ்சிருந்தா என்னைய வீட்டுல சேத்திருக்க மாட்டா."

"அடப்பாவி அண்ணே, இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா நீ தொட்டிருப்பியா?"

உமாதேவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தின நாளிலிருந்து தான் சரியாகச் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. "வாங்கண்ணே, மொதல்ல ஆளுக்கு நாலு இட்லி சாப்பிடுவோம்," என்று செருப்பை மாட்டினாள்.