தண்ணீர் நிற்காத மேடு

குடத்தை வரப்புக்குள் கவிழ்த்துவிட்டுத் தங்கம்மாள் நிமிர்வதற்குள் தண்ணீர் போய்விட்டது. ஓடியிருந்தால் எந்தப் பக்கம் ஓடியது என்று பார்த்து உடைப்பை அடைக்கலாம். இது ஓடவில்லை. ஆள் அரவம் கேட்டதும் வளைக்குள் புகும் வயல் நண்டு மாதிரி, கற்களுக்கு இடையில் இறங்கி மறைந்தது. நனைந்த இடமும் அவள் கண்ணெதிரிலேயே வெளுத்தது. ஆயுசு முழுக்க பாபநாசத்துப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவள் அவள். காலை வைத்தால் விடமாட்டேன் என்று பிடித்துக்கொள்ளும் களிமண் அது. இங்கே அவள் எவ்வளவு நடந்தாலும் ஒரு தடம் விழவில்லை. சொந்த நிலத்துக்கே தன்னை அடையாளம் தெரியவில்லையே என்று அவளுக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது.

பாபநாசத்தில் டிராக்டர் பட்டறையில் வேலை பார்க்கும் அவள் மகன் செழியன் வாங்கிய நிலம் இது. ஊரில் நஞ்சை யானை விலை குதிரை விலை சொன்னார்கள். கொள்ளிடத்துக்கு அக்கரையில், அரியலூர்ப் பக்கம், ஆடு மேய்கிற இந்த மேடுதான் கைக்கு எட்டியது. அம்மா பேரில்தான் பதிய வேண்டும் என்று பிடிவாதமாக நின்று பதிந்தான். அவர்கள் வம்சத்தில் யார் பேரிலும் மண் இருந்ததில்லை. நிலம் என்றதும் தங்கம்மாளின் மனசில் விரிந்தது ஒன்று. வண்டியிலிருந்து இறங்கியதும் எதிரில் நின்றது வேறொன்று. காணும் இடமெல்லாம் சரளை. ஒவ்வொரு கல்லின் அடியிலும் சுண்ணாம்பு அப்பியிருந்தது. மண்வெட்டியைப் போட்டால் கணுக்கால் ஆழத்தில் 'ணங்' என்றது. கீழே பழைய வீட்டுக் காரை போல வெள்ளையாக ஒரு படுகை. சுக்கான் மண் என்று அந்த ஊரில் சொன்னார்கள். மேட்டின் மேற்குச் சரிவுக்குக் கீழே, சுண்ணாம்புக்கல் எடுத்துக் கைவிட்ட குழி ஒன்றில் பச்சைத் தண்ணீர் அசையாமல் கிடந்தது.

குழி தோண்டியவர்கள் இப்போது இந்த மேட்டையும் கேட்கிறார்கள். கொடுத்தால் வலங்கைமான் பக்கம் இரண்டு மா அளவுக்கு நஞ்சை வாங்கிவிடலாம். செழியனுக்கு அதில்தான் விருப்பம். ஆனால் நிலம் அவள் பேரில் இருக்கிறது, அவள் வாயிலிருந்து வார்த்தை வர வேண்டும். மழை வரட்டும், சொல்கிறேன் என்று தள்ளிப்போட்டாள். முதல்முதலாகத் தன் பேருக்கு வந்த மண்ணை ஒரு போகம்கூடப் பார்க்காமல் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுக்கிற மாதிரி இருந்தது.

காலைப் பஸ்ஸில் பாலம் தாண்டி வருவாள். வந்ததும் கல் பொறுக்குவாள். டெல்டாக்காரிக்கு வயலில் கல் கிடந்தால் கண்ணில் தூசி விழுந்த மாதிரி. ஒரு பாத்தி அளவுக்குச் சுத்தமாகப் பொறுக்கி, அந்தக் கல்லையே சுற்றிலும் வரப்பாக அடுக்கி, இடுக்குகளில் மண் பூசி, நாற்றங்கால் என்று பெயரும் வைத்துவிட்டாள். ஆடு மேய்க்கிற நாகநாதன் கோலை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். இந்த மேட்டில் வரப்புப் போட்ட முதல் ஆள் நீங்கள்தான், அடுத்து படகு விடுவீர்களோ என்று கேலி செய்தார். அவளுக்குக் கோபம் வரவில்லை. பொறுக்கிய கல்லில் ஒன்று சுருண்டு சுருண்டு அசல் நத்தையாகவே இருந்தது. ஒரு காலத்தில் இங்கே கடல் கிடந்ததாம், அவர்தான் சொன்னார். அப்படியா சேதி என்று அவள் அந்தக் கல் நத்தையை முந்தானையில் முடிந்துகொண்டாள். முன்னே நின்ற தண்ணீர் இன்னொரு தரம் நிற்காமலா போய்விடும்?

மத்தியானம் வெள்வேல மர நிழலில் பழைய சோற்றைத் திறப்பாள். ஒருநாள் எலுமிச்சை ஊறுகாயின் சாறு ஒரு கல்லில் சொட்டியது. கல் பொரபொரவென்று நுரைத்தது. அவள் கையை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இன்னும் ஒரு சொட்டு விட்டாள். பசிக்குது போல, என்று நினைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு தான் சாப்பிடும்போதெல்லாம் மண்ணுக்கும் ஒரு சொட்டு வைப்பது வழக்கமாகிவிட்டது.

சாப்பிட்டதும் கண் சொருகும். வெயிலில் மேடு மெல்ல அசையும். மேற்குச் சரிவிலிருந்து தண்ணீர் சத்தமில்லாமல் ஏறி வரும். கற்கள் ஒவ்வொன்றாக முழுகும், கல் நத்தைகள் கொம்பை நீட்டிக்கொண்டு ஊரத் தொடங்கும். வெள்வேல மரத்தின் இடுப்பு வரை நெல் பச்சையாக நிற்கும், மேலே கொக்குகள் இறங்கும். வரப்பில் மருதையன் வருவார். இறந்துபோன புருஷன், கனவிலும் முழங்கால் வரை சேறுதான். "யாரு வயலு இது?" என்று கேட்பார். உயிரோடு இருந்தபோது அந்தக் கேள்விக்கு அவர்கள் இருவரும் யார் யார் பேரையோ சொல்லியிருக்கிறார்கள். இப்போது அவள் வாயைத் திறப்பாள். அதற்குள் ஏதாவது ஓர் ஆடு கத்தும், விழித்துக்கொள்வாள். தினமும் இதே கதைதான். சொல்ல வந்த சொல் நாக்கிலேயே நின்றுவிடும்.

விதைத்த நெல் முளைக்கத்தான் செய்தது. அவள் ஊற்றிய குடங்களுக்குக் கணக்கில்லை. ஆனால் இலை விரிய விரிய மஞ்சள் காமாலை கண்ட பிள்ளை போல வெளிறியது. பிறகு ஒரு சாயங்காலம் நல்ல மழை பெய்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம், பாபநாசத்து வீட்டில் இருந்துகொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டே அவள் பாத்தி நிரம்புவதைப் பார்த்துவிட்டாள்.

மறுநாள் செழியன் வண்டியில் கூட்டி வந்தான். குழிக்காரர்கள் நாளைக்குப் பதில் கேட்டு வரப்போகிறார்கள். வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தான். பாத்தியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கல் பொறுக்கிய இடம் அப்பளம் போல ஏடு கட்டி வெடித்திருந்தது. நாற்று சாய்ந்து கிடந்தது. பொறுக்காத இடத்தில், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே, கொழுக்கட்டைப் புல் ஊசி ஊசியாகத் துளிர்த்திருந்தது. தங்கம்மாள் அதையும் பார்த்தாள், இதையும் பார்த்தாள். தான் ராப்பகலாய்க் கல் பொறுக்கிச் செய்த வேலை மண்ணைக் காயப்போட்ட வேலைதான் என்று அவளுக்குப் புரிந்தது.

"ம்மா, விட்டுடும்மா. நீ ஒரு வார்த்த சொன்னா போதும், வயலு வந்துடும். கால வச்சா முட்டி வரைக்கும் பொதையும்," என்றான் செழியன்.

அவள் மேற்கே பார்த்தாள். குழியில் மழைத் தண்ணீர் கூடியிருந்தது. அவள் கனவில் வரும் அதே தண்ணீர், வானத்தை அப்படியே வாங்கிக்கொண்டு நின்றது.

"அந்தக் குழி முன்ன எப்படிடா இருந்துச்சு?"

"இதே மாதிரி மேடுதான்."

அவள் வரப்பிலிருந்து ஒரு கல்லை எடுத்துப் பாத்திக்குள் வைத்தாள். பிறகு இன்னொன்று. செழியன் வெயில் ஏறுகிறதே என்றான், பட்டறைக்கு நேரமாகிறது என்றான். அவள் வைத்துக்கொண்டே போனாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து நத்தையையும் வைத்தாள். அதற்குப் பிறகுதான் அவன் பெருமூச்சு விட்டுக்கொண்டு பக்கத்தில் குந்தினான்.

பொறுக்காத இடத்தில் கிடந்த ஒரு பெரிய கல்லை அவள் புரட்டினாள். மேலே தொட முடியாத சூடு. அடியில் மண் கறுப்பாக, ஈரமாக இருந்தது. அவன் கையை இழுத்து அதில் வைத்து, மேலே தன் கையை வைத்து அழுத்தினாள். வெயில் காதில் ரீங்கரித்தது. எங்கோ ஓர் ஆடு கத்தியது.

"நம்மளுது," என்றாள்.

"என்னம்மா?"

அது அவனுக்குச் சொன்ன பதில் இல்லை, கனவில் வரப்பில் நின்று கேட்டவருக்குச் சொன்னது. இருவரும் கையை எடுத்தபோது ஈரத்தில் அவன் உள்ளங்கை அப்படியே விழுந்திருந்தது, ரேகை உட்பட. தங்கம்மாள் அதைக் குனிந்து பார்த்தாள். பிறகு வெயில் படாமல் கல்லை மெல்ல அதன் மேல் கவிழ்த்து வைத்தாள்.